முழுசாக் கேட்டுட்டு ஏசுங்க!

"பெரியாறு தண்ணி இவ்வளவு நமக்குத் தேவையில்ல."

இது நான் சொன்னதுதான். குரல் என்னுடையது, முகம் என்னுடையது, தோளில் கிடக்கிற பச்சைத் துண்டும் என்னுடையது. ஆறு வினாடி ஓடுகிற அந்த வீடியோவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு என்னைத் திட்டியவர்களும் இருப்பீர்கள். எனக்குக் கோபம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருத்தன் இப்படிப் பேசினான் என்று கேள்விப்பட்டால் நானே அவனைத் திட்டியிருப்பேன்.

அந்த ஆறு வினாடிக்கு முன்னாலும் பின்னாலும் நான் பேசியதையும் கேளுங்கள்: "முழங்காலுக்குத் தண்ணியக் கட்டி வச்சுத்தான் நெல்லு போடுவேன்னா, பெரியாறே திரும்பி வந்தாலும் நமக்குப் பத்தாது. காய்ச்சலும் பாய்ச்சலுமா பண்ணுனா, பெரியாறு தண்ணி இவ்வளவு நமக்குத் தேவையில்ல. மிச்சம் பிடிக்கிற தண்ணி நம்ம கடைமடைக்குப் போகணும், நம்ம ரெண்டாம் போகத்துக்கு அணையில நிக்கணும். அதுக்குத்தான் மிச்சம் பிடிக்கச் சொல்றேன். ஒரு சொட்டுக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லல."

இடம், ஒரு திருமண மண்டபம். திருந்திய நெல் சாகுபடி பற்றிய பயிற்சிக் கூட்டம். அறுபது எழுபது பேர் இருந்தோம். முக்கால் மணி நேரம் பேசினேன். நாற்றின் வயசு, கோனோவீடர் ஓட்டுவது, ஜீவாமிர்தம், கடைசியில் தண்ணீர். முக்கால் மணி நேரத்தில் ஆறு வினாடிதான் ஊரைச் சுற்றி வந்தது.

அது எப்படிச் சுற்றியது, எனக்கு என்ன செலவு வைத்தது, அதிலிருந்து நம் இயக்கம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என்மேல் பரிதாபப்படச் சொல்லி எழுதவில்லை. பின்னால் சொல்வேன், நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன்தான்.

இரண்டு மேடை, ஒரே வாக்கியம்

நம் பள்ளத்தாக்கைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாக வந்து லோயர்கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அதை நம்பி இருக்கிறது. மிச்சம் வைகை அணைக்குப் போய் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று விரிகிறது. ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். மழை ஏமாற்றினால் அந்தத் தேதி தள்ளிப்போகும், ரெண்டாம் போகம் கேள்விக்குறியாகும்.

இதற்கு நடுவில்தான் லோயர்கேம்ப்பிலிருந்தே குழாய் போட்டு மதுரை மாநகராட்சிக்கு நாளொன்றுக்குப் 12.5 கோடி லிட்டர் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தது. 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மதுரைக்காரர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இங்கே எந்த விவசாயியும் சொல்லவில்லை. வைகை அணையிலிருந்து எடுங்கள், வயலைத் தாண்டி வந்த தண்ணீரை எடுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஊருக்கு ஊர் கூட்டம், ஆர்ப்பாட்டம், கறுப்புக் கொடி. எல்லாக் கட்சியிலும் திட்டத்தை ஆதரிக்கிறவரும் இருந்தார்கள், எதிர்க்கிறவரும் இருந்தார்கள். எங்கள் ஊரில் அது இன்னும் சின்னதாகச் சுருங்கி இரண்டு கோஷ்டியின் சண்டையாக ஆகிப்போனது. பழைய உள்ளாட்சித் தேர்தல் பகை, ஒரு வாய்க்கால் குத்தகைப் பகை எல்லாம் தண்ணீர்ப் பேரைச் சொல்லி எழுந்து வந்தது.

என் ஆறு வினாடி இந்தச் சண்டைக்குள் விழுந்தது. ஒரு கோஷ்டி தெருமுனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டியது: "பாருங்க, ஒரு விவசாயியே சொல்றாரு, இவ்வளவு தண்ணி வேண்டாமாம். அப்புறம் குழாய் போட்டா உங்களுக்கு என்ன?" மறுநாள் எதிர்க் கோஷ்டி அதே வீடியோவை அதே இடத்தில் போட்டது: "பாருங்க, நம்ம தண்ணிய விக்கிற ஆளு இவர்தான். பேங்க்ல இருந்தவருக்கு விக்கிறதுன்னா தெரியாதா?"

ஒரே வாக்கியம். ஒருத்தருக்கு நான் சாட்சி, இன்னொருத்தருக்கு நான் துரோகி. இரண்டு பேரில் ஒருத்தர்கூட என்னைக் கூப்பிட்டு, "சார், இதுதான் சொன்னீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டால் வீடியோ வீணாகப் போயிருக்கும்.

எட்டு நாள் கணக்கு

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவன். நஷ்டம் என்றால் கணக்குப் போட்டுத்தான் பேச வரும். இதையும் கணக்காகவே சொல்கிறேன்.

திருந்திய நெல் சாகுபடியில் நாற்றுக்கு 14 நாள் வயசு. அதற்கு மேல் போனால் தூர் கட்டுவது குறையும், ஒற்றை நாற்று நட்டுப் பிரயோசனம் இல்லை. வீடியோ வெளிவந்த அன்று என் நாற்றுக்கு 12 நாள். நடவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த பெண்கள் குழு மறுநாள் வரவில்லை. கேட்டதற்கு, "எங்க வீட்டுல வேண்டாங்கிறாக சார்" என்று ஒரு அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நீர்பாய்ச்சி என் மடையைத் திறக்கத் தயங்கினார். அவர் கெட்டவர் இல்லை. நாளைக்கு இரண்டு கோஷ்டியிடமும் தலைக்கட்டுக்குக் கூலி நெல் வாங்க வேண்டியவர். வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வந்து நட்டபோது நாற்றுக்கு 22 நாள். அந்தப் போகம் ஏக்கருக்கு ஐந்து மூட்டை குறைந்தது. வண்டிச் சத்தம், கூடுதல் கூலி தனி.

இது எழுதி வைக்கக்கூடிய கணக்கு. எழுத முடியாத கணக்கும் உண்டு. என் வயலுக்குக் கீழ் வயல்காரர், கடைமடையில் கஷ்டப்படுகிறவர், எனக்கு அண்ணன் முறை. அவருக்காகவும்தான் அன்று பேசினேன். அவரே டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டார்: "ஏன்ப்பா, தண்ணி வேண்டாம்னா உன் பங்க மட்டும் வேண்டாம்னு சொல்லு. என் பங்க ஏன் சேர்த்துச் சொல்ற?"

முழுப் பேச்சும் என் செல்போனில் இருந்தது. எடுத்துப் போட்டேன். நாலு நிமிஷம் கேட்டார்கள். ஐந்தாவது நிமிஷம் ஒருத்தர் எழுந்து போனார், அப்புறம் இன்னொருத்தர். அண்ணன் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். முதலில் சொன்னதுதான் அண்ணே அது என்றேன்.

யார் வெட்டியது?

எதிரிதான் வெட்டியிருப்பான் என்று நினைத்தேன். மனசுக்குள் இரண்டு மூன்று பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியும் வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு இளைஞர் வீட்டுக்கு வந்தார். நம் இயக்கத்துப் பிள்ளை. பாரம்பரிய நெல் விதை சேகரிக்கிறவர்.

"சார், மன்னிச்சிருங்க. நான்தான் வெட்டுனேன். ஸ்டேட்டஸ்ல போடுறதுக்கு. தண்ணி சிக்கனத்தப் பத்தி நல்லாச் சொன்னீங்க, நறுக்குன்னு இருந்துச்சு. முழுசாப் போட்டா யாரு சார் பாக்குறா? நல்ல எண்ணத்துலதான் பண்ணேன்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, என் குரலை மாற்றவில்லை, ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. எடுத்தார், அவ்வளவுதான். அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்த நூறு பேருக்கு நான் யார், எதற்காகப் பேசுவேன் என்று தெரியும். அவர்களுக்கு அந்த ஆறு வினாடி போதும். நூற்றியோராவது ஆளிடம் போனபோதுதான் அது வேறு வாக்கியம் ஆனது.

இதை அன்றிலிருந்து நிறைய யோசித்தேன். வெட்டுகிறவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. முதல் வெட்டு நம் வீட்டிலேயே, அன்பாலேயே நடக்கிறது. வேர்மண்ணை உதறிவிட்டு நாற்றை மட்டும் நீட்டுகிறோம். வாங்குகிறவன் அதை எங்கே வேண்டுமானாலும் நடலாம்.

2011-ல் நான் செய்தது

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

2011 டிசம்பர். பெரியாறு அணை விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். குமுளிக்குப் பஸ் இல்லை, லாரி இல்லை. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற நம் ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். 144 தடை உத்தரவு. அப்போது நான் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கிளையில் மேனேஜர்.

அந்த மாத ஆரம்பத்தில் கேரள உயர்நீதிமன்றத்தில் அந்த மாநில அட்வகேட் ஜெனரல் கே.பி.தண்டபாணி ஒரு பதில் சொன்னார். அணையின் நீர்மட்டத்துக்கும் அணையின் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை என்றும், ஒருவேளை அணைக்கு ஏதாவது ஆனாலும் வருகிற தண்ணீரைக் கீழே இருக்கும் இடுக்கி, செறுதோணி, குளமாவு அணைகள் தாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னதாகச் செய்தி. கேரளத்தில் பெரிய புயல் கிளம்பியது. ராஜினாமா செய் என்றார்கள். அரசு அவரிடம் விளக்கம் கேட்டது, அவரும் கொடுத்தார், பதவியில் தொடர்ந்தார்.

நமக்கோ அது அல்வா. வங்கிக் கவுண்டரில் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேன்: "பாத்தீங்களா, அவுக வக்கீலே ஒத்துக்கிட்டாரு. அணை உடைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதாம்."

ஒரு நாள் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு அம்மா பணம் எடுக்க வந்தார். அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "எம்மகள வண்டிப்பெரியாறுல குடுத்திருக்கேன் சார். அது இடுக்கிக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?"

எனக்குப் பதில் தெரியும். பெரியாறு அணையிலிருந்து இறங்குகிற தண்ணீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தரை வழியாகப் போய்த்தான் இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அதாவது மூன்று அணை தாங்கிக்கொள்ளும் என்ற பேச்சுக்குள், அந்த மூன்று அணைக்கு முன்னால் இருக்கிற ஊர்கள் அடங்காது. மக்கள் பாதுகாப்புக்கு அரசு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்று நீதிமன்றம் விசாரித்தபோது வந்த பதில் அது. இடையில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்துவதும் அந்தப் பேச்சில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கேள்வியை வெட்டிவிட்டேன், இடையில் இருந்த ஊர்களையும் வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் இருந்தது யார்? தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற நம் தமிழ் ஜனங்களும்தான். அந்த அம்மாவின் மகள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சமாளித்தேன். அவர் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அணை பலவீனமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதற்கும் ஒரு ஆறு வினாடி வரும். நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதைத் தடுக்கக் கேரளம் 2006-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லாது என்றது. அந்த வருஷம் நவம்பரிலேயே அணை 142 அடியைத் தொட்டது. முழு உண்மையே நம் பக்கம் இருந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலின் பாதி வாக்கியத்தை நான் பிடித்துத் தொங்கியிருக்கவே வேண்டாம்.

இன்றைக்கும் நாம் தீர்ப்பை முழுசாகச் சொல்வதில்லை. மேடையில் "152 அடி" என்றால் கைதட்டு வரும். மீதியிருக்கும் பலப்படுத்தும் வேலைகளை முடித்து, அதன் பிறகு நிபுணர்கள் பார்த்து 152-க்குப் போகலாம் என்றுதான் 2006 பிப்ரவரி தீர்ப்பு சொன்னது. 2014 தீர்ப்பு மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவையும் போட்டது. அந்தப் பின்பாதியைச் சொன்னால்தான், "பலப்படுத்தும் வேலையை ஏன் செய்யவிடவில்லை?" என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். பின்பாதியை வெட்டினால் நம் நியாயத்தையே நாம் வெட்டுகிறோம்.

நம்மையும் வெட்டுகிறார்கள், நாமும் வெட்டுகிறோம்

"ஐயா, இது தண்ணீர் அரசியல். இயற்கை விவசாயப் பத்திரிகைக்கு இது எதற்கு?" என்று கேட்கலாம். நம்மை இன்று அதிகம் அடிக்கிற தடியே ஒரு பாதி வாக்கியம்தான்: "இயற்கை விவசாயத்தால இலங்கையே திவாலாச்சு."

நடந்ததை முழுசாகப் பாருங்கள். கோத்தபய ராஜபக்ச 2019 தேர்தல் அறிக்கையில் பத்து வருஷத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்றுதான் சொன்னார். 2021 ஏப்ரல், மே மாதத்தில் அதை ஒரே இரவு வேலையாக்கி, ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்குத் தடை போட்டார். அந்நியச் செலாவணி தட்டுப்பாடு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். தொழு உரம் எங்கே, பயிற்சி எங்கே, மாட்டுச் சாணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். தன்னுடைய வாக்கியத்திலேயே "பத்து வருஷத்தில்" என்ற இரண்டு வார்த்தையை அவரே வெட்டிக்கொண்டார். அதற்கு விலை கொடுத்தது விவசாயி.

இதை நம்மிடம் வந்து அரை வாக்கியமாகச் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறோம், சரி. ஆனால் நாமும் அரை வாக்கியத்திலேயே பதில் சொல்கிறோம்: "அதுக்கும் இயற்கை விவசாயத்துக்கும் சம்பந்தமே இல்ல." சம்பந்தம் உண்டு. ரசாயனத்துக்குப் பழகிய மண்ணை ஒரே போகத்தில் திருப்பினால் விளைச்சல் விழும். அது நமக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதை மறைத்துவிட்டு நாம் வேறு என்ன பேசினாலும் எடுபடாது.

எடுபடாது என்பதோடு முடிவதில்லை, ஆட்களையும் அது கெடுக்கிறது. 2017-ல் ஓய்வு பெற்று வந்து மூன்று ஏக்கரில் இறங்கினேன். முதல் போகம் ஏக்கருக்கு 13 மூட்டை. பக்கத்து வயலில் 35. வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ரெண்டாவது வருஷம் 19. நாலாவது வருஷம்தான் 26-ஐத் தொட்டேன். ஒரு பயிற்சியில் இந்த நாலு எண்ணையும் சொன்னேன். அது செய்தியாக வெளிவந்தபோது, "ரசாயனம் இல்லாமல் 26 மூட்டை: முன்னாள் வங்கி அதிகாரி சாதனை!" என்று இருந்தது. 13-ம் இல்லை, 19-ம் இல்லை.

அதைப் படித்துவிட்டு என்னைப்போலவே ஓய்வு பெற்ற ஒருவர், கிராஜுவிட்டி பணத்தைப் போட்டு நிலம் குத்தகைக்கு எடுத்தார். முதல் போகத்திலேயே 26 வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். வந்தது அதில் பாதிகூட இல்லை. ரெண்டாம் போகத்தோடு விட்டுவிட்டார். இன்று அவர் ஊரில் இயற்கை விவசாயத்துக்கு எதிராகப் பேசுகிற முதல் ஆள் அவர்தான். அவரைக் கெடுத்தது பூச்சியும் இல்லை, வறட்சியும் இல்லை. என் வாக்கியத்தின் பாதி. இந்தமுறை வெட்டியது எதிரிக் கோஷ்டி இல்லை, நம்மீது பிரியம் உள்ளவர்கள். நானும் அந்தச் செய்தியை ஃபிரேம் போட்டு வைத்திருந்தேனே தவிர, "முதல் மூணு வருஷத்தையும் போடுங்க" என்று ஒரு போன் பண்ணவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாம் விற்பது நெல் மட்டுமா? "இது நஞ்சில்லாதது" என்ற வாக்கையும் சேர்த்துத்தான் விற்கிறோம். அரிசியைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பி.ஜி.எஸ். சான்றிதழ் என்பதே பக்கத்து வயல்காரன் என் வயலைப் பார்த்து "ஆமாம், இவர் சொல்வது நிஜம்" என்று கையெழுத்துப் போடுவதுதான். சொல்லை நம்பிப் பிழைக்கிற நாம், சொல்லைப் பாதியாக வெட்டுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளலாமா? பாதி வாக்கியம் சொல்கிறவன் என்று பேர் வாங்கிவிட்டால், நம் அரிசியையும் பாதி நம்பிக்கையோடுதான் வாங்குவார்கள்.

இனி என்ன செய்யலாம்?

வீடியோ வந்த பிறகு சில நண்பர்கள் சொன்னார்கள்: "சார், உங்களுக்கு எதுக்கு வம்பு? இனிமே விவசாயத்த மட்டும் பேசுங்க, தண்ணியப் பத்திப் பேசாதீங்க." தண்ணீர் இல்லாமல் என்ன விவசாயம் பேசுவது? வெட்டுவார்கள் என்று வாயை மூடினால், பிறகு வெட்டுகிறவர்கள் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பேசுகிறேன். நாலு விஷயம் மாற்றிக்கொண்டேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, நிபந்தனையை வாக்கியத்துக்கு வெளியே விடுவதில்லை. "இவ்வளவு தண்ணி தேவையில்ல" என்று தனியாகச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். "நம்ம கடைமடை காயாம இருக்க, நம்ம தண்ணிய நாமளே மிச்சம் பிடிப்போம்" என்று சொல்கிறேன். எங்கே வெட்டினாலும் "நம்ம" கூடவே வரும். விளைச்சல் சொன்னால் வருஷத்தையும் சேர்த்தே சொல்கிறேன்: "நாலாம் வருஷம் 26."

இரண்டாவது, கூட்டம் நடத்துகிற நம் ஆட்கள் முழுப் பேச்சையும் பதிவு செய்து வைக்க வேண்டும். சின்னதாக வெட்டிப் போட ஆசையா, போடுங்கள். தவறில்லை. பேசியவரிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் போடுங்கள். வங்கியில் ஒரு ரூபாய் வவுச்சருக்குக்கூட இரண்டு கையெழுத்து வாங்குவோம். ஒரு மனுஷனின் பேருக்கு ஒரு கையெழுத்தாவது வேண்டாமா?

மூன்றாவது, நமக்குப் பிடித்த பாதி வாக்கியம் வரும்போதுதான் அதிகச் சந்தேகப்பட வேண்டும். எதிரி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்று ஒரு செய்தி வந்தால், எனக்கு உடனே அந்த ஏலத்தோட்டத்து அம்மாவின் முகம் வருகிறது. இது எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்? முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது? யாருடைய வீடு இந்த வெட்டில் காணாமல் போயிற்று? இந்த மூன்றுக்கும் பதில் தெரியும்வரை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. நம்மாழ்வார் ஐயா படத்தைப் போட்டு வருகிற வாசகங்களுக்கும் இதே விதிதான். அவர் சொன்னாரா, எங்கே சொன்னார் என்று தெரியாமல் அவர் வாயில் வார்த்தையைத் திணிப்பது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

நாலாவது, சம்பந்தப்பட்ட ஆளிடம் நேரே கேட்பது. பள்ளத்தாக்கு என்ன அமெரிக்காவா? ஒரு டி.வி.எஸ். ஃபிப்டியில் போனால் இருபது நிமிஷத்தில் யாரையும் பார்த்துவிடலாம். என் கீழ் வயல் அண்ணன் பத்துப் பேர் முன்னால் என்னை ஏசினாலும் என் முகத்துக்கு நேராக ஏசினார், கடைசிவரை உட்கார்ந்தும் கேட்டார். அவரோடு எனக்கு இன்று எந்த மனத்தாங்கலும் இல்லை. கேட்காமல் மேடையில் போட்டவர்கள் இன்னமும் என்னைப் பார்த்தால் வேட்டியைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

அடுத்த போகத்தில் அண்ணனும் அரை ஏக்கரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் போட்டுப் பார்த்தார். மண்ணில் மயிரிழை வெடிப்பு விட்ட பிறகுதான் மடை திறக்க வேண்டும் என்றபோது முதலில் அவருக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி டார்ச் லைட்டோடு போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். பயிர் நின்றது. மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் என்பது ஆறு நாளைக்கு ஒன்று என்று ஆனது. தண்ணீர் மிச்சம் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா நம்மளயும் போட்டோ எடுத்துருவாங்கப்பா" என்கிறார்.

இந்த வருஷம் என் நடவுக்கு அதே பெண்கள் குழு வந்தது. நாற்றுக்குச் சரியாக 14 நாள். வரப்பில் ஏறும்போதே, அன்று தலையைக் குனிந்த அந்த அம்மா சத்தமாகக் கேட்டார்: "சார், தண்ணி வேணுமா, வேண்டாமா? இன்னைக்கு முழுசாச் சொல்லிருங்க, நாங்க கேட்டுட்டே நடுறோம்."

சொன்னேன். மத்தியானச் சோறு வரைக்கும் சொன்னேன். நடுவில் இரண்டு பேர் என்னை ஏசவும் செய்தார்கள். முழுசாகக் கேட்டுவிட்டு ஏசினார்கள். எனக்கு அது போதும்.